ஒரே வகுப்பில் இரண்டு மொழி

இந்தோனேசியாவில் 700க்கும் மேற்பட்ட மொழிகள். பயிற்றுமொழி என்று சட்டம் சொல்வது இந்தோனேசியத்தை. தொடக்கப்பள்ளி வகுப்பில் என்ன நடக்கிறது என்பதுதான் கொஞ்ச நாளாக என் மண்டையில் ஓடுகிறது.

மத்திய ஜாவாவில் ஒரு கிராமத்துப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கை முடித்த பையன் பக்கத்தில் இருப்பவனிடம் "விஸ்" (முடிச்சிட்டேன்) என்று ஜாவானியத்தில் சொல்வான். அடுத்த நொடியே ஆசிரியையிடம் நோட்டை நீட்டி, "பு குரு, சுடா" (டீச்சர், முடிச்சிட்டேன்) என்று இந்தோனேசியத்துக்கு மாறிவிடுவான். ஜாவானியத்தில் நண்பனிடம் பேசும் பேச்சு வேறு, பெரியவர்களிடம் பேசும் கிராமா என்ற மரியாதைப் பேச்சு வேறு, சொற்களே மாறிவிடும். இன்றைய பிள்ளைகள் பலருக்கு கிராமா சரளமாக வராது. தப்பாகப் பேசி, மரியாதை தெரியாதவன் என்று பேர் வாங்குவதைவிட இந்தோனேசியம் பாதுகாப்பு.

ஆசிரியர்களும் பாடத்தை இந்தோனேசியத்தில் தொடங்கி, பிள்ளைகள் முழித்தால் ஜாவானியத்தில் விளக்குவார்கள். இதைக் குறையாகப் பேசுகிறவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. 2003ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே, கல்வியின் தொடக்க நிலையில் தேவைப்பட்டால் வட்டார மொழியில் சொல்லித்தரலாம் என்கிறது. முதல் வகுப்புக் குழந்தைக்குக் கழித்தல் புரிய வேண்டாமா?

சரி, ஜாவாவில் ஆசிரியருக்கும் பெரும்பாலும் பிள்ளைகளின் மொழி தெரியும். வேறு தீவிலிருந்து, இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில் உள்ள பப்புவாவின் மலைக்கிராமத்துக்குப் போகும் ஆசிரியருக்கு அந்த வசதியும் கிடையாது. அங்கே உள்ளூர் இளைஞர்களை ஆசிரியர்களாக்கத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.