இன் டைம், அவுட் டைம்

ராத்திரி வானத்தில் எதையோ பார்த்து மிரண்டுபோகும் பெங்களூர்க்காரர் முதலில் மச்சானுக்குப் போன் போடுவார். அடுத்து போலீசுக்கு. போலீஸ்காரர் கொட்டாவி விட்டபடியே எங்கள் நம்பரைக் கொடுத்துவிடுவார். இந்த ஊரில் ஒரு வானியல் கண்காட்சிக் கூடத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். நியமன உத்தரவில் என் பதவிக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. நடைமுறையில் பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவேன், ராத்திரி போன் எடுப்பேன். எட்டு மணிக்கு மேல் ஆபீஸ் போன் என் செல்லுக்கு வந்துவிடும். அதற்கு மாதம் ஐந்நூறு ரூபாய் அலவன்ஸ். கன்னடம், இங்கிலீஷ் எல்லாருக்கும் பொது. தமிழில் யாராவது பேசினால் மட்டும், ஓசூர்க்காரன் என்பதால், பகலோ ராத்திரியோ அது என் தலையில்தான் விடியும்.

போன் செய்கிறவர்கள் யாரும் எடுத்த எடுப்பில் ‘பறக்கும் தட்டு’ என்று சொல்லமாட்டார்கள். முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: “சார், நான் குடிக்கிற ஆள் இல்ல.” அடுத்து, பேங்கில் இருக்கிறேன், ரிட்டயர்டு வாத்தியார் என்று உத்தியோகம் வரும். பிறகு, கூட இன்னும் யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல். பார்த்த பொருள் நாலாவதாகத்தான் வரும். ஆரம்பத்தில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. போகப் போகத்தான் புரிந்தது, அவர்களுக்கு வானத்தைவிட என்மேல்தான் பயம்.

சேர்ந்த புதிதில் “எவ்வளவு பெருசுங்க?” என்று கேட்பேன். இதைப்போல உதவாத கேள்வி வேறில்லை. சாப்பாட்டுத் தட்டு அளவு, பஸ் அளவு, எங்க வீட்டு வாட்டர் டேங்க் அளவு என்று பதில் வரும். தூரம் தெரியாதவரை அளவும் தெரியாது, வேகமும் தெரியாது. மூன்றையும் கண் தானாகவே சேர்த்து ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். மூத்தவர் ஒருவர்தான் வேறு கேள்வி சொல்லிக்கொடுத்தார். “கையை நேரா நீட்டுங்க, சுண்டுவிரலை வச்சு மறைங்க.” முழு நிலாவையே நீட்டிய கையின் சுண்டுவிரல் மறைத்துவிடும், பாதி விரலே போதும். இதை முதல்முறை கேட்டபோது எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு அம்மா சங்கடமாகச் சொன்னார்: “தம்பி, பஸ் காணாமப் போயிடுச்சு.”

அவர் பொய் சொல்லவில்லை. பார்த்தது ஒன்று, சொல்லும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. இதற்கு மூல உதாரணமே உண்டு. 1947 ஜூன் 24ஆம் தேதி, அமெரிக்காவில் ரெய்னியர் மலைப் பக்கம் விமானம் ஓட்டிக்கொண்டிருந்த கென்னத் அர்னால்ட் ஒன்பது பொருள்களைப் பார்த்தார். தண்ணீர்மேல் சாசரை விசிறினால் தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி போயின என்றார். அவர் சொன்னது ஓட்டத்தை. பத்திரிகைகள் அதை உருவமாக்கிவிட்டன. அதற்குப் பிறகு ஊருலகத்தில் எல்லாரும் தட்டையே பார்த்தார்கள்.

எங்களுக்கு வந்த அழைப்புகளில் பெரிய கலகக்காரி வெள்ளிக் கிரகம்தான். அத்தனை பிரகாசம். ஓசூர் ரோட்டில் காரில் வரும்போது மரமும் கட்டடமும் பின்னால் ஓட, அது மட்டும் கூடவே வரும். “அத்திப்பள்ளியிலேர்ந்து தொரத்திட்டே வருது சார்.” அடுத்தது விமானம். நம்மைப் பார்த்து நேராக வரும் விமானத்தின் லேண்டிங் லைட் நிமிஷக்கணக்கில் அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கும். திரும்பியதும் பொசுக்கென்று அணைந்துவிடும். 2008 மே மாதம் விமான நிலையம் தேவனஹள்ளிக்குப் போனதும் எங்கள் அழைப்புகளும் ஜாகை மாற்றின. மாரத்தஹள்ளிக்காரர்கள் ஓய்ந்தார்கள், ஹொசகோட்டைக்காரர்கள் ஆரம்பித்தார்கள். விண்வெளி நிலையம், சங்கராந்திக்கு எல்.இ.டி. கட்டிவிட்ட பட்டம், மேகத்தில் வட்டமடிக்கும் மால் விளக்கு எல்லாம் சில்லறை.

அதே 2008இல், டிசம்பர் 1 அன்று சாயங்காலம் போன் ஓயவே இல்லை. மேற்கே வெள்ளியும் வியாழனும் பக்கம் பக்கமாக, கீழே பிறை. இரண்டு கண்ணும் ஒரு வாயுமாக வானமே சிரித்தது. மும்பைத் தாக்குதல் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வேறொரு வாரமாக இருந்திருந்தால் ஜனங்கள் பார்த்து ரசித்திருப்பார்கள். அன்றைக்கு ஒருவர் “இது நல்லதுக்கா கெட்டதுக்கா, அதை மட்டும் சொல்லுங்க” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

குடும்பமாகப் பேசும் அழைப்புகள் தனி ரகம். அப்பா, அம்மா, மகன், மாடி வீட்டுக்காரர் என்று நாலு பேரும் ‘ரெண்டு அடி இடப்பக்கம் நகர்ந்துச்சு’ என்று ஒரே குரலில் சொல்வார்கள். இருட்டில் தனியாக நிற்கும் ஒரு புள்ளி வெளிச்சத்தை உற்றுப் பார்த்தால் அது நகர்வதுபோலத் தோன்றும், நகராவிட்டாலும். 1935இல் முசாஃபர் ஷெரீஃப் என்பவர் இருட்டறையில் இதைச் சோதித்துப் பார்த்தார். தனித்தனியாகக் கேட்டால் ஆளுக்கொரு அளவு சொன்னவர்கள், சேர்த்து உட்காரவைத்ததும் மெல்ல மெல்ல ஒரே அளவுக்கு வந்து சேர்ந்தார்கள். அதனால் சாட்சிகள் கூடினால் சாட்சியம் பலப்படும் என்பதை நான் வானத்து விஷயத்தில் நம்புவதில்லை. முடிந்தால் போனை ஒவ்வொருவரிடமும் கொடுக்கச் சொல்வேன். “மத்தவங்க தள்ளி நில்லுங்க” என்றால் கோபித்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் நான் ஒழுங்காக வேலை பார்த்த வருஷங்களின் கதை. பத்தாவது வருஷத்தில் கேள்வி கேட்பதே நின்றுபோயிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் என் வாயில் பதில் தயாராக இருக்கும்: “அது வெள்ளிங்க.”

2016 நவம்பர். சாயங்காலம் மேற்கில் வெள்ளி ஜொலித்துக்கொண்டிருந்தது. 8ஆம் தேதி ராத்திரி ஐந்நூறு, ஆயிரம் நோட்டு செல்லாது என்றாகிவிட, 14ஆம் தேதி 1948க்குப் பிறகு இவ்வளவு கிட்ட வந்ததில்லை என்ற முழு நிலா. ஜனங்கள் ஏ.டி.எம். வரிசையில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்போல, அந்த வாரம் போனை வைக்க முடியவில்லை. அப்படி ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவர் பேசினார். காடுகோடி பக்கம் பாதி கட்டி முடித்த அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். ஊர் அரூர்.

“சார், கிழக்க கொஞ்சம் தெக்கு சாஞ்சாப்ல ஒரு வெளக்கு. செவப்பு, பச்சை, நீலம்னு மாறி மாறி எரியுது. தெனமும் வருது.”

“அது வெள்ளிங்கண்ணா.”

ஒரு நொடி சத்தமில்லை. “வெள்ளி முளைச்சா ஏர் பூட்டுனவன் சார் நானு. வெள்ளி எப்படி சார் நடுராத்திரியில கிழக்க வரும்? அது இப்ப மேக்க இல்ல நிக்குது? எட்டே காலுக்கெல்லாம் விழுந்துடுது. டூட்டி மாத்தறப்ப தெனம் பாக்குறனே.”

அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. சூரியனைவிட்டு 48 டிகிரிக்கு மேல் வெள்ளி விலகவே விலகாது. அதனால் அந்திக்குப் பிறகு மேற்கில் கொஞ்ச நேரம், இல்லையென்றால் விடிகாலையில் கிழக்கில் கொஞ்ச நேரம். இதைத்தான் தினமும் நாலு காட்சி பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். காது சூடேறியது. ஹைனெக் நினைவுக்கு வந்தார். அமெரிக்க விமானப்படைக்காக இந்த மாதிரிப் புகார்களை விசாரித்த வானியலாளர். 1966இல் மிச்சிகனில் ஊரே பார்த்த வெளிச்சங்களில் சிலதுக்குச் சதுப்பு நில வாயு காரணமாக இருக்கலாம் என்றார், நாடே கைகொட்டிச் சிரித்தது. அவருக்குச் சதுப்பு வாயு, எனக்கு வெள்ளி.

“நீங்க எப்பலேர்ந்து பாக்குறீங்க?” என்று பத்து வருஷத்துக்கு முந்தைய குரலில் கேட்டேன்.

“நோட்டுல எழுதிருக்கேன் சார்.”

சனிக்கிழமை, 19ஆம் தேதி, மெஜஸ்டிக்கில் 335இ பிடித்துப் போனேன். பழைய ஐந்நூறை கண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் இருந்த சில்லறையைத் தேடி எண்ணிக் கொடுத்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் தகரச் செட், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, டார்ச். ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும் அவருக்கு. யூனிஃபார்ம் சட்டை இரண்டு சுற்று பெரிது. டீ வாங்கிவரப் போனவரை நிறுத்திவிட்டு நோட்டைக் கேட்டேன்.

வண்டிகள் வந்துபோகும் ரிஜிஸ்டர்தான். அதன் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வண்டி எண் என்ற கட்டத்தில் ஒரு கோடு. வந்த காரியம் என்ற கட்டத்திலும் கோடு. இன் டைம், அவுட் டைம் இரண்டு மட்டும் நிரம்பியிருந்தன, பென்சிலில், முத்து முத்தாக. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலைகாட்டுவது இன். கலர் மாறுவது நின்று வெறும் வெள்ளையாவது அவுட். நவம்பர் 2, இன் 11:14. நவம்பர் 9, இன் 10:47. நவம்பர் 16, இன் 10:19. நடுவில் உள்ள நாள்களும் இருந்தன. இரண்டு நாள் மட்டும் ‘மேகம்’.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு நாளைக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு நிமிஷம். நாளைக்கு நாலு நிமிஷம். வானம் ஒரு சுற்றுச் சுற்றிவர 23 மணி 56 நிமிஷம்தான் ஆகிறது. நம் கடிகாரத்துக்கு 24. பாக்கி நாலு நிமிஷம் முந்திக்கொண்டு தினமும் வருவது நட்சத்திரம் மட்டுமே. டிரோனுக்கும் விமானத்துக்கும் இந்த ஒழுங்கு கிடையாது. நான் வானத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்த நோட்டுப் பக்கம் எனக்கு விடை சொல்லிவிட்டது.

லடாக் சமாச்சாரம் ஒன்று உண்டு. 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை எல்லையில் ஒரு ஏரிக்கு மேலே அடையாளம் தெரியாத பொருள்களைப் பார்த்ததாக நம் ராணுவத்தினர் 329 முறை குறித்துவைத்தார்கள். சீனாவின் உளவு டிரோனோ என்று சந்தேகம். கடைசியில் இங்கே கோரமங்களாவில் இருக்கிற இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆள்கள் பார்த்துச் சொன்னார்கள்: வெள்ளி, வியாழன். செய்தி வந்த அன்று எங்கள் கேண்டீனில் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால் அந்தச் சிரிப்பு தப்பு. குளிரில் நின்று 329 முறை பார்த்ததை எழுதி வைத்தவர்களைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது? அமெரிக்க விமானப்படை 1969 வரை சேர்த்த 12,618 புகார்களில் 701 இன்னும் அடையாளம் தெரியாதவை என்றே நிற்கின்றன. அதிசயத்தை நம்புகிறவர்கள் அந்த 701ஐத்தான் பிடித்துக்கொள்வார்கள். நான் அவர்களிடம் கேட்பதெல்லாம், அதில் எத்தனைக்கு அரூர்க்காரர் நோட்டு இருந்தது என்பதுதான்.

பத்து மணி தாண்டி ஐந்தாறு நிமிஷத்தில் அது வந்தது. இரண்டு டவருக்கு நடுவே உள்ள இடுக்கில், சுவருக்கு மேலே, தன்னந்தனியாக. சிவப்பு, பச்சை, நீலம் என்று நடுங்கியது. ராத்திரி வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். தாழ்வாக இருக்கையில் அதன் வெளிச்சம் காற்றில் நெடுந்தூரம் ஊடுருவி வருவதால் இப்படி உடைந்து சிதறும், மேலே ஏறினால் அடங்கிவிடும். அவர் அவுட் டைம் போட்டதும் அதைத்தான்.

“ரெண்டு அடி இப்படி வாங்கண்ணா.” டவரைவிட்டு நகர்ந்து ஒதுங்கினோம். கட்டட விளிம்பிலிருந்து வரிசையாக மூன்று நட்சத்திரம் வெளியே வந்தன. அந்த மூன்றையும் கோடு போட்டுக் கீழே இழுத்தால் நேரே நம் ஆள்.

“அட! இதுவா!” என்றார். “களத்துல படுத்தா தெனமும் பாப்பனே சார். அந்த மூணோட சேத்துப் பாத்தா தெரிஞ்சிருக்கும். தனியா நின்னதுல ஆளு தெரியல.”

ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். ராத்திரி ரவுண்டு வந்த சூப்பர்வைசரிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறார். ‘தூங்கிட்டுக் கனவு கண்டியா, போட்டுக்கிட்டு வந்தியா’ என்று கேட்டுவிட்டார் அவர். வேலைக்கே உலை வந்துவிடுமோ என்றுதான் என்னைக் கூப்பிட்டது. “நான் பாத்தது நெசம்னு ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா...”

திங்கள்கிழமை ஆபீசில் கேட்டேன். அப்படியெல்லாம் தனியாருக்குக் கடிதம் கொடுக்கிற வழக்கம் இல்லை என்றார்கள். லெட்டர்ஹெட்டைத் தொடாமல் வெள்ளைத்தாளில் நானே எழுதினேன். இந்தத் தேதிகளில் இந்த நேரங்களில் இவர் விழித்திருந்து பார்த்தது சிரியஸ் நட்சத்திரம்தான், குறிப்புகள் நிமிஷ சுத்தம், தூங்குகிறவரால் இப்படி எழுத முடியாது. கீழே கையெழுத்து, போன் நம்பர். முத்திரை இல்லாத குறைக்குத் தமிழிலும் கன்னடத்திலுமாக இரண்டு பிரதி. சூப்பர்வைசர் அதைப் படித்தாரா என்று தெரியாது. வேலை போகவில்லை.

ஜனவரி முதல் வாரம், எட்டு மணி சுமாருக்குச் செல் அடித்தது. அவர்தான்.

“சார், இப்பல்லாம் அது எனக்கு முன்னாடியே டூட்டிக்கு வந்து நிக்குது. இன் டைம் என்னான்னு போடறது?”