காலை ஏழரை மணி எங்கிருந்து வந்தது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானின் (வீடமைப்புக் குடியிருப்பின்) பின்வேலியைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம் தொடங்கிவிடும். அப்பா பால் வெட்டிய காலத்தில் அது முழுவதும் ரப்பர்க் காடாக இருந்தது. அந்த வேலியைப் பார்த்தபடி இருக்கும் பின்னறையில் அமர்ந்துதான் நான் சில ஆண்டுகளாகப் பைத்தான் என்னும் நிரல்மொழியின் தர நூலகத்தில் வழுக்களைத் திருத்தியும், அதன் சோதனைகளைப் பராமரித்தும் வருகிறேன். சம்பளம் தரும் வேலை ஈப்போவில் உள்ள ஒரு நிறுவனத்துடையது. வாரத்தில் ஒரு நாளை இந்தப் பொதுப்பணிக்கு ஒதுக்கிக்கொள்ள அவர்கள் இசைந்ததால் இது தொடர்கிறது.

தர நூலகம் என்பது மொழியை நிறுவும்போதே கூடவே வந்து சேரும் பகுதி. கோப்பு, தேதி, எழுத்து, வலைத்தொடர்பு என்று எல்லாருக்கும் வேண்டியவை அதில் இருக்கின்றன. எல்லார் கணினியிலும் இருப்பதால் அதிலுள்ள சிறு வழுவும் எல்லாரையும் சென்றடையும். அவசரத்தில் செய்த தவறான திருத்தமும் அப்படியே சென்றடையும். ஆகவே திருத்தத்தோடு ஒரு சோதனையும், அதாவது நிரல் எதிர்பார்த்த விடையைத் தருகிறதா என்று பார்க்கும் சிறு நிரலும், வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். திருத்தத்துக்கு முன் அந்தச் சோதனை தோற்க வேண்டும், திருத்திய பின் தேற வேண்டும். தோற்றுப் பார்க்காத சோதனை எதைக் காவல் காக்கிறது என்று எழுதியவருக்கே தெரியாது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

என் முதல் திருத்தங்களுள் ஒன்று, நேரத்தை எழுத்தாக மாற்றும் இடத்தில் இருந்த ஒரு சிறு குறையைப் பற்றியது. அதற்கான சோதனையில், கணினிகள் காலத்தை எண்ணத் தொடங்கும் சுழியத்தை, அதாவது 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவை, எடுத்துக்கொண்டு உள்ளூர் நேரமாக மாற்றினேன். என் கணினி காலை 7:30 என்றது. அதையே எதிர்பார்க்கும் விடையாகப் பதிந்து அனுப்பினேன். என் வீட்டில் தேறிய சோதனை, உலகப் பொது நேரத்தில் ஓடும் சேவையகங்களில் ஒன்றுவிடாமல் தோற்றது. அதன் காரணம் உடனே விளங்கியது. மதிப்பாய்வு செய்தவர் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. உங்கள் நாடு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது, 7:30 எங்கிருந்து வந்தது, கணக்கிட்டு எழுதினீர்களா அல்லது திரையில் வந்ததை எடுத்து எழுதினீர்களா என்று அவர் கேட்டிருந்தார். நான் எடுத்துத்தான் எழுதியிருந்தேன். விடை தெரியாமல் ஒரு சோதனையை எழுதிவிட்டேன் என்பது அன்று முழுவதும் என்னை உறுத்தியது.

அன்று மாலை கூடத்தில் அமர்ந்து இதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தினார். "அப்போ நமக்கு ஏழரை மணி நேரந்தாம்மா வித்தியாசம். எண்பத்தொன்னு கடைசி ராத்திரி, மணி பதினொன்றரை ஆனதும் முள்ளப் பன்னெண்டுக்குத் திருப்பச் சொல்லிட்டாங்க" என்றார். அப்பா அப்போது தோட்டத்து ஆபிசில் கிராணிக்கு (எழுத்தருக்கு) உதவியாக செக்ரோல் (ஆட்களின் வருகைப் பதிவேடு) எழுதத் தொடங்கியிருந்தார். அந்த வாரம் முழுவதும் பெரட்டுக்கு (விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வந்தவர்கள் இருட்டைப் பார்த்து, மணி தவறி அடித்துவிட்டதாகவே நினைத்தார்கள் என்றும் சொன்னார். மலேசியத் தீபகற்பத்தின் நேரத்தை, கடலுக்கு அப்பால் உள்ள சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்க எடுத்த முடிவு அது; சிங்கப்பூரும் அதையே பின்பற்றியது.

ஒவ்வொரு பகுதியின் நேர மாற்றங்களையும் பதிந்து வைத்திருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் எங்கள் பகுதிக்கான வரிகளை அதன் பிறகுதான் நிதானமாகப் படித்தேன். முதல் வரியில், உலகப் பொது நேரத்திலிருந்து உள்ள வேறுபாடு 6 மணி 55 நிமிடம் 25 விநாடி. 1905இல் அது 7 மணி ஆனது, 1933இல் 7:20, 1941 செப்டம்பரில் 7:30. 1942 பிப்ரவரி 16 அன்று ஒரே தாவலில் 9 மணி. அது ஜப்பானியர் கொண்டுவந்த தோக்கியோ நேரம். 1945 செப்டம்பர் 12இல் மீண்டும் 7:30. சயாம் மரண ரயிலுக்குத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களைப் பிடித்துச் சென்ற ஆண்டுகள் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் இருக்கின்றன. அந்த 25 விநாடியும் நூலகத்துக்குத் தொல்லை கொடுத்ததுதான். நேர வேறுபாடு முழு நிமிடமாகவே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு பைத்தான் 3.7 பதிப்பில்தான் நீங்கியது.

சோதனையைத் திருத்தி எழுதினேன். எந்த மண்டலத்தில் ஓட வேண்டும் என்பதைச் சோதனையே அறிவித்துவிட்டு ஓடும்படி செய்தேன். அதற்கான துணைக்கருவி சோதனைத் தொகுப்பிலேயே இருக்கிறது. விண்டோஸில் மட்டும் அது தவிர்க்கப்படும், ஏனெனில் அந்த வசதி அங்கே இல்லை. விண்டோஸ் இன்றைய விதியைக் கொண்டே பழைய நாளையும் கணிப்பதால், அதே கணத்தை நம் நாட்டு நேரத்தில் கேட்டால் 8:00 என்று சொல்லும். பழைய விதிகளையும் அறிந்த மற்றக் கணினிகளில் லண்டன் நேரத்தைக் கேட்டால் நள்ளிரவு வராது, 1:00 வரும். 1968 முதல் 1971 வரை பிரிட்டன் ஆண்டு முழுவதும் கோடை நேரத்திலேயே இருந்தது. இன்று இருக்கும் வேறுபாடு 1970இலும் இருந்திருக்கும் என்று எண்ணி எழுதிய எந்தச் சோதனையையும் இப்போது சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

அப்பா சொன்ன இரவு என் மனத்தில் தங்கிவிட்டது. 1981 டிசம்பர் 31 அன்று இரவு 11:30 முதல் 12 வரையான அரை மணி நேரம் இந்த நாட்டில் நடக்கவே இல்லை. நடக்காத அந்த நேரத்தில் 11:45 என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் நூலகம் என்ன செய்ய வேண்டும்? அதற்கு விதி உண்டு. நேரத்தோடு சேர்த்துக் கொடுக்கும் ஃபோல்ட் என்னும் குறி சுழியமாக இருந்தால் பழைய வேறுபாட்டைக் கொள்ள வேண்டும்; உலகப் பொது நேரத்துக்கு மாற்றித் திரும்பக் கொண்டுவந்தால் புத்தாண்டு 12:15 கிடைக்கும். குறி ஒன்றாக இருந்தால் புதிய வேறுபாடு. அப்போது 11:15 கிடைக்கும். 2020இல் பைத்தான் 3.9 பதிப்போடு வந்த, நேர மண்டலங்களைக் கையாளும் ஸோன்இன்ஃபோ நிரற்கூறைக் கொண்டு இந்த இரண்டையும் சோதனையாக எழுதிப் பார்த்தேன். கையால் கணக்கிட்டு, தாளில் எழுதி, அதன் பிறகே ஓட்டினேன். தேறியது.

ஆனால் பழைய இயங்குதளம் ஒன்றில் அது தோற்றது. என் கணக்கை மூன்று முறை சரிபார்த்தேன். தவறு கணக்கில் இல்லை; அந்தக் கணினியில் இருந்த தரவுத்தளம் பழையது. மாற்றம் நிகழ்ந்தது நள்ளிரவில் என்று முன்பு பதிவாகியிருந்தது. அது நள்ளிரவில் அல்ல, இரவு 11:30க்கு என்று பின்னாளில் திருத்தப்பட்டது. அப்பாவின் நினைவு அந்தப் பழைய பதிவைவிடச் சரியாக இருந்தது என்பதை அவரிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. அன்று முள்ளைத் திருப்பியவர் அவர். ஸோன்இன்ஃபோவின் சொந்தச் சோதனைகள் ஏன் தமக்கென ஒரு தரவுக் கோப்பை உடன் வைத்திருக்கின்றன என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. கணினிக்குக் கணினி மாறும் தரவை நம்பினால், நிரல் கெட்டதா தரவு கெட்டதா என்று சோதனையால் சொல்ல முடியாமல் போகும்.

பராமரிப்பில் பெரும்பொழுது போவது இப்படிப்பட்ட சுவையான கதைகளில் அல்ல. நூறு முறை ஓடினால் ஒரு முறை மட்டும் தோற்கும் சோதனைகள்தான் நாளை விழுங்குகின்றன. ஒரு முறை நானே அப்படி ஒன்றை உருவாக்கினேன். மண்டலத்தை மாற்றிய என் சோதனை, நடுவில் பிழை எழுந்தால் பழைய மண்டலத்தை மீட்காமல் வெளியேறியது. வரிசையாக ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. சோதனைகளின் வரிசையைக் கலைத்து ஓட்டியபோது, தொடர்பே இல்லாத வேறொருவர் எழுதிய சோதனை வீழ்ந்தது. எந்தச் சோதனை குற்றவாளி என்று பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கருவி ஒன்று தொகுப்பிலேயே உண்டு. அதை ஓட்டியபோது அது என் பெயர் இருந்த வரியில் வந்து நின்றது. முன்பின் தெரியாத ஒருவர் தம் நிரலில்தான் பிழை என்று எண்ணி அதற்குள் இரண்டு நாள் தேடியிருந்தார். அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

இன்னொரு வகை, சற்றுத் தூங்கி (ஓட்டத்தை நிறுத்தி வைத்து) எழுந்தால் வேலை முடிந்திருக்கும் என்று நம்பும் சோதனைகள். வேகமான கணினியில் பத்தில் ஒரு விநாடி போதும். சுமை ஏறிய கணினியில் போதாது. தூக்கத்தை நீட்டுவது பலர் செய்வது, அதை நான் ஏற்பதில்லை. வேலை முடிந்ததா என்று கேட்டுக் கேட்டுக் காத்திருந்து, 30 விநாடி போன்ற தாராளமான எல்லையில் மட்டும் கைவிடும்படி எழுதினால் வேகமான இடத்தில் உடனே முடியும், மெதுவான இடத்திலும் பொய்யாகத் தோற்காது. நினைவகக் கசிவை, அதாவது நிரல் பயன்படுத்திய பின் விடுவிக்காத நினைவகத்தை, தேடும்போதும் இதே பொறுமை வேண்டும். ஒரே சோதனை முதலில் 3 முறை வெறுமனே ஓடி, நிலை அமைந்த பிறகு இன்னும் 3 முறை, விடுவிக்கப்படாமல் இருப்பவற்றை எண்ணியபடி ஓடுகிறது. முதல் ஓட்டத்தில் ஏறும் எண்ணிக்கையைக் கண்டு பழி சொல்லக் கூடாது.

இன்னும் தீராத ஒன்று என் கணினியில் இருக்கிறது. உரையில் குறிப்பிட்ட அமைப்புள்ள சொற்களைத் தேட உதவும் பைத்தானின் தேடுகோவையில், சொல்லெழுத்தைக் குறிக்கும் குறி, தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டுகளாகத் திருப்பித் தருகிறது. இந்தக் குறை பல ஆண்டுகளுக்கு முன்பே முறையிடப்பட்டது. இன்றைய நடத்தையை நம்பி எழுதிய நிரல்கள் உலகெங்கும் ஓடுவதால், ஒரே வரியில் மாற்றிவிட முடியாது என்ற தயக்கம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் என் மொழியின் பெயரையே உடைக்கும் அந்த நடத்தையைச் சரி என்று உறுதிப்படுத்தும் சோதனையை நான் எழுத மாட்டேன். என் சொந்தப் பிரதியில் அதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அது தோற்கும் என்று எதிர்பார்ப்பதாக அடையாளமிட்டிருக்கிறேன். என்றாவது அது தேறினால், எதிர்பாராத வெற்றி என்று சொல்லி முழு ஓட்டமும் சிவப்பாக நிற்கும். வெள்ளிக்கிழமை காலைகளில் முதல் வேலையாக அதை ஓட்டுகிறேன்.