வேலையில் நாயோ பூனையோ கடித்தால்

கூரியர் கொண்டுபோகிறவர், மீட்டர் ரீடிங் எடுப்பவர், கால்நடை மருத்துவமனை உதவியாளர் எல்லோருக்கும் விலங்குக்கடி ஒரு பணியிட விபத்துதான். "சின்னக் கீறல்தானே" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

முதலில் கழுவுங்கள். ஓடும் தண்ணீர், சோப்பு, முழுதாக 15 நிமிடம். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) வைரஸின் கொழுப்பு உறையைச் சோப்பு சிதைத்துவிடும். பலர் அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி மருந்தைப் போடுங்கள். இறுக்கிக் கட்ட வேண்டாம்.

பூனைக்கடியைப் பார்த்து ஏமாறவே கூடாது. மேலே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி, உள்ளேயோ மூட்டுவரை ஆழம். தோல் உடனே மூடிக்கொள்ளும், கிருமி உள்ளே சிக்கிக்கொள்ளும். பாஸ்டுரெல்லா கிருமி என்றால் 24 மணி நேரத்துக்குள் வீக்கம் வரலாம். விரல் மடங்கியே இருந்து, நீட்டும்போது உயிர் போகிற வலி எடுத்தால் தசைநார் உறையில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பல் தோலைக் கிழித்து ரத்தம் வந்தால், ரேபிஸ் உள்ள இடங்களில் தடுப்பூசி மட்டும் போதாது. வைரஸை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும். கேட்டு வாங்குங்கள். முன்பே முழுத் தடுப்பூசி போட்டவர்களுக்கு அது தேவையில்லை. 0 ஆம் நாள் (முதல் ஊசி போடும் நாள்), 3 ஆம் நாள் என இரண்டு தடுப்பூசி போதும். அதனால்தான் விலங்குகளோடு வேலை செய்பவர்களுக்கு முன்தடுப்பூசியை நிர்வாகமே போட வேண்டும் என்கிறேன். டெட்டனஸ் ஊசியையும் மறக்காதீர்கள்.