மீன் பேரை மூடி வைத்து

“ஏனுங் சார், மீன் பேர மூடி வெச்சுட்டுத்தான் பூச்சியப் பாக்கோணும்னா, அப்பறம் லேபிள்ல அத எதுக்குங் எழுதறோம்?”

“மொதல்ல காலப் பாரு கண்ணு, மீன் எங்கயும் ஓடிப் போகாது” என்றேன் மாணவியிடம். அதில் தப்பில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். கேட்டதற்கு அது பதிலா என்பது வேறு.

அயிலை மீனின் தோலில் இருந்து அவள் எடுத்த பெண் பூச்சி. பூச்சி என்று சொன்னாலும் இறால், நண்டு வகையறாவில் வரும் மீன் ஒட்டுண்ணி. தலையின் முன்விளிம்பில் இரண்டு வட்ட உறிஞ்சிகள் இருந்தன, ஆகவே காலிகஸ் என்ற பேரினம். அவை இல்லையென்றால் அதற்கு நெருங்கிய லெப்பியோப்தீரஸ் என்ற பேரினத்தின் பக்கம் போகலாம். பேரினம் வரைக்கும் சிரமமில்லை. சிற்றினத்துக்குத்தான் பாடுபட வேண்டும். 70% ஆல்கஹாலில் இருந்து எடுத்து லாக்டிக் அமிலத்தில் ஊறவிட்டால் உடல் கண்ணாடியாகும். நடுவில் துளையிட்ட மரச் சட்டத்தின் அடியில் கவர் கிளாஸை ஒட்டி, அதில் அமிலத் துளியைத் தொங்கவிட்டு, பூச்சியை ஊசியால் புரட்டிப் புரட்டிப் பார்க்கலாம். ஹியூம்ஸும் குடிங்கும் 1964இல் எழுதிய முறை, இதைவிட மலிவானது கிடையாது. பார்க்க வேண்டியது அடிப்பக்கம்: மார்பில் உள்ள கவட்டை முள், முதல் காலின் நுனி முட்கள், நான்காம் காலின் கணுக்களும் முட்களும். இடுக்கியால் பிய்த்தால் அந்தக் கால் முறிந்துவிடும். தூரிகையால் தள்ளித்தான் எடுக்க வேண்டும். உடலின் நீள அகலத்தை மட்டும் நம்பக் கூடாது. முட்டை முதிர முதிர இனப்பெருக்கக் கண்டம் பருத்து, இளசும் முதிர்ந்ததும் வேறு வேறு சிற்றினம் போலத் தெரியும்.

இவளுடைய பூச்சியில் கவட்டை முள் சரியாகப் படியவில்லை. இரண்டு சிற்றினங்களுக்கு நடுவே நின்றது. உடனே கடல் மீன் ஒட்டுண்ணிகளைப் பற்றிய கிருஷ்ண பிள்ளையின் 1985ஆம் வருடத் தொகுதியைத் திறந்து, எதற்கு அயிலை ஓம்புயிர், அதாவது ஒட்டி வாழ இடம் தரும் மீன், என்று பார்த்து, அந்தப் பெயரையே போட்டுவிட்டாள். மீன் பேரை நான் மூடச் சொன்னது அப்போதுதான்.

காரணம் கோயம்புத்தூர் உக்கடம். கிழக்கு, மேற்கு இரண்டு கடற்கரையில் இருந்தும் மீன் லோடு இறங்கும் சந்தை. அயிலையும் பாறை மீனும் ஒரே ஐஸில் கிடக்கும். வளர்ந்த காலிகஸ் தோலின் மேல் ஊர்ந்து திரிவது, மீனை விட்டு நீந்தியும் போகும். பெட்டியில் எந்த மீன் மேல் இருக்கிறதோ அதுதான் அதன் ஓம்புயிர் என்று எப்படிச் சொல்வது? செவுள் இழையைக் கவ்வியிருக்கும் லெர்னாந்த்ரோப்பஸ் என்ற ஒட்டுண்ணி என்றால் பேச்சே இல்லை, அது அந்த மீனோடதுதான். செவுள் அறைக்குள் ஒரு பக்கமாகக் கோணி வளர்ந்த, சைமோதோயிட் என்ற இன்னொரு வகை ஒட்டுண்ணியின் பெண்ணும், பக்கத்தில் சின்ன ஆணும் இருந்தால் அதுவும் அந்த மீனோடதுதான். ஆக, மீன் பேரை எவ்வளவு நம்பலாம் என்பது பூச்சி எப்படி ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதையாவது அவளிடம் சொல்லியிருக்கலாம்.

சொன்னாலும் அவள் விட்டிருப்பாளா? ஓம்புயிரும் ஒரு சான்றுதான். லெப்பியோப்தீரஸ் சால்மோனிஸ் பெரும்பாலும் சால்மன் குடும்பத்து மீன்களில்தான் இருக்கும். வட அட்லாண்டிக்கின் காலிகஸ் எலாங்கேட்டஸோ 80க்கும் மேற்பட்ட மீன் இனங்களில் பதிவாகியிருக்கிறது. எந்த மாதிரிப் பூச்சி என்று தெரிந்தால் மீன் உதவும், ஆனால் அது தெரிய முதலில் பேர் வேண்டும். மீனைப் பார்த்தே எல்லோரும் பேர் வைத்தால் ஓம்புயிர்ப் பட்டியல் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொண்டு வளரும். நான் தடுக்கப் பார்த்தது அதைத்தான். என்றாலும் அயிலை என்று காதில் விழுந்த பிறகு நான் மட்டும் அதை மறந்துவிட்டா பார்க்கிறேன்? அவள் பட்டியலை வெளிப்படையாகத் திறந்தாள், நான் மனசுக்குள் திறக்கிறேன்.

கடைசியில் லேபிளில் ஏறியது: “காலிகஸ், சிற்றினம் முடிவாகவில்லை. ஐஸ் பெட்டியில் அயிலை மேல், உடன் பாறை. உக்கடம்.” பேனா மை ஆல்கஹாலில் கரையும் என்பதால் பென்சிலில். பின்பக்கம் அவள் அந்தச் சிற்றினப் பேரை எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தாள். அழிக்கச் சொல்லவில்லை. கரையில் வலையை உதறும்போதே ஒவ்வொரு மீனையும் தனிப் பையில் போட்டால்தான் அந்தக் கேள்விக்குறியை எடுக்கவோ வைக்கவோ முடியும். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு அது ஆகிற காரியமில்லை.