கானன்காப்: பீரங்கிக் குன்றின் அடியில் ஒரு குவளை ‘பால் சாவர்’ ஒயின்

முதலில் வாடகை வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் கழிந்தும் அந்தக் கோபம் ஆறவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெலன்பாஸ் நகரிலிருந்து பார்ல் செல்லும் ஆர்44 சாலையில், சைமன்ஸ்பெர்க் மலையின் கீழ்ச்சரிவில் இருக்கிறது, ஒயின் தயாரிக்கும் கானன்காப் திராட்சைத் தோட்டம். ஏறும்போது 150 ரேண்டுக்கு (அந்நாட்டு நாணயம்) ஒப்புக்கொண்ட ஓட்டுநர், இறங்கும்போது 350 கேட்டார். ஒயின் சுவைக்க வருகிறவர்கள் எல்லோரும் செல்வந்தர்கள் என்பது அவருடைய கணக்கு. நானோ ஒவ்வொரு ரேண்டையும் எண்ணிச் செலவழிக்கிறவன். நெடுநேரம் வாதாடி, மனமில்லாமல் 250 கொடுத்தேன். கட்டணத்தை முன்பே காட்டும் கைப்பேசிச் செயலியில் வண்டி பிடியுங்கள். திரும்பும் வண்டிக்கும் அப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கானன்காப் என்றால் பீரங்கிக் குன்று. டேபிள் விரிகுடாவுக்குள் கப்பல் நுழைந்ததும், உள்நாட்டு விவசாயிகள் விளைபொருளோடு கேப் டவுனுக்குக் கிளம்பட்டும் என்று, குன்றுக்குக் குன்று பீரங்கி வெடித்துச் சேதி சொன்ன காலத்தின் பெயர் அது.

நான் போனது பிப்ரவரிக் கடைசி, அறுவடை மும்முரம். இங்கே சாறு நொதிப்பது திறந்த கான்கிரீட் தொட்டிகளில். நொதிக்கையில் எழும் கரியமில வாயு திராட்சைத் தோல்களை மேலே தள்ளி, தடித்த ஏடாகப் படியவைக்கிறது. நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன என்பதால், இரவு பகல் பாராமல், சில மணி நேரத்துக்கு ஒரு முறை அதைக் கையாலேயே சாற்றுக்குள் அமுக்குகிறார்கள். தொட்டியின் மேல் நின்ற ஒருவர், நீண்ட கோலின் மீது உடல் பாரம் முழுவதையும் சாய்த்தபோது, ஏடு சற்று நேரம் இறுகி நின்றுவிட்டுப் பிறகு பிளந்தது. இளஞ்சிவப்பு நுரை பொங்கி அவருடைய காலணி வரை தெறித்தது. முழங்கை வரை ஊதா நிறம் ஏறியிருந்த அந்தக் கைகளைப் பார்த்த பிறகு, இந்த ஒயினின் விலையைப் பற்றி முணுமுணுக்க எனக்கு வாய் வரவில்லை.

தோட்டத்தின் பெருமைக்குரிய கலவை ஒயின்தான் பால் சாவர். திராட்சை வகைகளில் கேபர்னே சாவின்யோன் பெரும்பங்கு, கேபர்னே ஃபிரான்க்கும் மெர்லோவும் துணை. பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் ஏறத்தாழ 2 ஆண்டு ஊறுகிறது. முதல் விளைச்சல் 1981. 2015 ஆம் ஆண்டு ஒயினுக்கு பிரிட்டிஷ் விமர்சகர் டிம் அட்கின் 100க்கு 100 கொடுத்தார். மிகையென்று நினைத்திருந்தேன்; வாயில் வைத்ததும் நம்பினேன். முதலில் நாவற்பழத்தின் கருமையான இனிப்பு, அடுத்து புதிதாகச் சீவிய பென்சிலின் மரவாசம், கடைசியில் நாக்கின் இரு ஓரத்தையும் மென்மையாக இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. குவளையைக் கீழே வைத்து வெகுநேரமாகியும் அது போகவில்லை.

ஆனால் அந்தப் பெயர் என்னை உறுத்தியது. பால் சாவர் இத்தோட்டத்தின் முன்னாள் உரிமையாளர். இன்று நடத்தும் கிரிகே சகோதரர்களின் தாத்தா. நிறவெறிக் கொள்கைக்கு வரைவு தந்த, 1940களின் பிற்பகுதியில் வெளியான சாவர் அறிக்கையைத் தயாரித்த குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. புட்டியைக் கையில் எடுக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கையில் பணம் குறைவென்றால், இதே தோட்டத்தின் கடேட் கலவையை வாங்குங்கள். பினோட்டாஜ் என்ற தென்னாப்பிரிக்கத் திராட்சை வகை சேர்ந்த அது அன்றாட உணவுக்கு அருமையாகப் பொருந்தும். நான் இரண்டு இரவு விடுதியை மலிவான பொது அறைக்கு மாற்றிக்கொண்டு, ஒரே ஒரு பால் சாவர் வாங்கினேன். கம்பளிச் சட்டைக்குள் சுற்றி, பெட்டியின் நடுவில் வைத்திருக்கிறேன். பத்து ஆண்டுகளுக்குத் திறப்பதாக இல்லை.