வேன் வாங்க காசு உண்டு, டிரைவருக்குத்தான் இல்ல

சின்ன தொண்டு அமைப்புகளுக்கு, நிதி உதவி கேக்கற கிராண்ட் அப்ளிகேஷன் எழுதிக் குடுக்கறது நான் ரொம்ப நாளா பண்ற வேலை, காசுக்கு இல்ல, தெரிஞ்சவங்க கேட்டா உக்காந்து எழுதிக் குடுப்பேன் அவ்வளவுதான். கிட்டத்தட்ட எல்லா ஃபார்ம்லயும் ஒரு கேள்வி இருக்கும், "புதுசா என்ன செய்யப் போறீங்க?"ன்னு. ஒரு அமைப்போட ஆளுங்க தனியா இருக்கற வயசானவங்களோட வீட்டுக்குப் போறாங்க, மாத்திரை போட்டாங்களான்னு பாக்கறாங்க, கொஞ்ச நேரம் பேசிட்டு வராங்க, இதுல புதுசுக்கு எங்க போறது? போன வருஷம் வந்த அதே ஆள் இந்த வருஷமும் வந்து கதவைத் தட்டணும், அதுக்குத்தான் அந்தப் பெரியவர் காத்துட்டு இருக்கார். ஆனா அப்படி எழுதினா மார்க் விழாது, அதனால ஒரு ஆப், ஒரு பைலட் ப்ராஜெக்ட்னு எதையாவது ஜோடிக்க வேண்டியிருக்கு.

வேன் கதையும் இதேதான். நடக்க முடியாதவங்களை டயாலிசிஸுக்கு கூட்டிட்டுப் போக வேன் வேணும்னு கேட்டா சீக்கிரமே கிடைக்கும், ஏன்னா வேன்ல பேர் எழுதலாம், சாவி குடுக்கற மாதிரி ஃபோட்டோ எடுக்கலாம். டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ், டயர் இதெல்லாம் 'நிர்வாகச் செலவு' கட்டத்துல போயிடும், அந்தக் கட்டத்துக்கு மேல பத்து சதவீதத்துக்கு மிகக்கூடாதுன்னு ஒரு வரி இருக்கும். வேன் ஷெட்ல நிக்கும், டிரைவர் வேற வேலைக்குப் போயிருப்பார்.

இத்தனைக்கும், ஒரு ஊர்ல பலர் குடுக்கற காசை ஒண்ணா சேர்த்து அந்த ஊர் அமைப்புகளுக்கு கிராண்டா குடுக்கற கம்யூனிட்டி ஃபவுண்டேஷன்ங்கற ஏற்பாடே கண்டிஷன்ல மாட்டின காசை விடுவிக்கத்தான் ஆரம்பிச்சது. 1914ல அமெரிக்காவோட கிளீவ்லாந்துல ஃப்ரெடரிக் காஃப்னு ஒரு பேங்கர் முதல் கம்யூனிட்டி ஃபவுண்டேஷனை தொடங்கினார். பணக்காரங்க உயில்ல 'இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும்'னு எழுதி வச்சுட்டுப் போயிடறாங்க, காலம் மாறி அந்தத் தேவையே இல்லாம போனாலும் காசை வேற எதுக்கும் தொட முடியல, இதைப் பாத்துத்தான் எல்லாத்தையும் ஒரே நிதியில போட்டு, அந்தந்த காலத்துத் தேவைக்கு ஊர்க்காரங்க கமிட்டியே முடிவு பண்ணட்டும்னு வச்சார். நூறு வருஷம் தாண்டியாச்சு, செத்தவங்க போட்ட கண்டிஷனுக்கு பதிலா இப்ப உயிரோட இருக்கறவங்களே போடறாங்க.

நிர்வாகச் செலவு சதவீதத்தை மட்டும் வச்சு ஒரு அமைப்பை எடை போடாதீங்கன்னு 2013லயே கைட்ஸ்டார், சேரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ்னு மூணு அமெரிக்க அமைப்புகள் சேர்ந்து நன்கொடை குடுக்கறவங்களுக்கு பகிரங்கமா கடிதம் எழுதினாங்க. தொண்டு அமைப்புகளைப் பத்தி தகவல் திரட்டறது, மதிப்பிடறதுன்னு இதையே வேலையா வச்சிருக்கறவங்களே சொன்னது இது. 2020லேர்ந்து மெக்கன்சி ஸ்காட்ங்கற அமெரிக்க கோடீஸ்வரி பெரிய பெரிய தொகையை 'உங்களுக்கு எதுக்குத் தேவையோ செலவு பண்ணிக்கோங்க'ன்னு குடுத்துட்டு இருக்காங்க. சின்ன கிராண்ட் பக்கம் இன்னும் அந்தக் காத்து சரியா வீசல.

எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற இடம் வேற. அடி தாங்க முடியாம வீட்டை விட்டு ஓடி வந்த பொண்ணுங்களுக்கு தங்க இடம் குடுக்கற ஒரு அமைப்பு, அவங்க இருக்கற அட்ரஸே யாருக்கும் தெரியக்கூடாது, தெரிஞ்சா உயிருக்கே ஆபத்து. அவங்க கிட்ட கிராண்ட் குடுத்தவங்க ரிப்போர்ட்டோட "பயனாளிகளின் புகைப்படம் - முகம் தெரியும்படி"ன்னு கேட்டிருந்தாங்க! நாங்க கடைசில காலியா இருக்கற கட்டில், மடிச்சு வச்ச போர்வை, குழந்தைங்க கிறுக்கின சுவர், இதை எல்லாம் எடுத்து அனுப்பி, கூடவே ஏன் முகம் குடுக்க மாட்டோம்னு ஒரு பக்கத்துக்கு எழுதினோம். ஒத்துக்கிட்டாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா அடுத்த வருஷமும் ஃபார்ம்ல அதே வரி அப்படியே இருந்துது, யாரும் அழிக்கல.

தொகை சின்னதா இருந்தாலும் ரிப்போர்ட் மட்டும் பெரிய கிராண்டுக்குக் கேக்கற அதே நீளம்தான், அதை எழுதறதும் ராத்திரி வர்ற ஹெல்ப்லைன் ஃபோனை எடுக்கறதும் ஒரே ஆள். இப்ப சில ஃபண்டர்ஸ் போன்ல பேசியே ரிப்போர்ட்டை வாங்கிக்கறாங்க, அந்த மாதிரி யாராவது மாட்டினா விட்டுடாதீங்க, அடுத்த வருஷ அப்ளிகேஷனை டெட்லைனுக்கு முன்னாடியே போட்டுடுங்க.