யார் தேடி வந்து கேட்டார்கள்?

வெளியுறவு ஆய்வு அலுவலகம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வளர்ந்து வரும் நடுத்தர வல்லரசுகளின் மென்சக்தி பற்றி, அதாவது படைபலமோ மிரட்டலோ இல்லாமல் பிற நாடுகளை ஈர்க்கும் ஆற்றல் பற்றி, ஓர் அறிக்கை கேட்டார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து பெரிய அட்டவணை போட்டேன். தென்கொரியாவின் கிங் செஜோங் மொழி மையங்கள், துருக்கியின் மொழியையும் பண்பாட்டையும் பரப்பும் யூனுஸ் எம்ரே நிறுவனம், கத்தாரின் அல் ஜசீரா தொலைக்காட்சி, வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு இந்தியா 1964 முதல் நடத்தும் ஐடெக் பயிற்சிகள் எல்லாம் அதில் இருந்தன. மேலதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் அவங்க கொடுத்தது. யார் தேடி வந்து கேட்டாங்கன்னு எங்கே இருக்கு?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

சரி என்று மறுபடி தேடியபோதுதான் பிரேசிலின் தாய்ப்பால் வங்கிகள் கண்ணில் பட்டன. குறைமாதக் குழந்தைகளுக்காகத் தானமாக வரும் தாய்ப்பாலைச் சோதித்துப் பதப்படுத்தித் தரும் இடங்கள் அவை. ரியோவின் ஃபியோக்ரூஸ் என்ற பொதுச் சுகாதார ஆய்வு நிறுவனம்தான் வழிநடத்துகிறது. பாலைச் சேமிக்க வெளிநாட்டுக் கலன்கள் வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் வீட்டில் தீர்ந்துபோன காபித்தூள் பாட்டிலை எடுத்தார்கள். கண்ணாடி பாட்டில், பிளாஸ்டிக் மூடி, நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும். இந்த வலையமைப்புக்கு 2001இல் உலக சுகாதார அமைப்பின் சசகாவா பரிசு கிடைத்தது. லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவும், ஆப்பிரிக்காவில் கேப் வெர்டியும் மொசாம்பிக்கும் இந்த முறையைக் கற்றுக்கொண்டன. கையில் காசில்லாத ஒரு மருத்துவமனைக்கு அந்த பாட்டிலைப் பார்த்ததும் நம்மாலும் முடியும் என்று தோன்றும். பணக்கார நாடுகளின் உதவியில் அந்த உணர்வு அவ்வளவு எளிதில் வருவதில்லை என்பது என் எண்ணம்.

துருக்கியின் கதை இவ்வளவு நேரானதல்ல. 2011 ஆகஸ்டில், பஞ்சத்தின் நடுவே, அப்போதைய துருக்கிப் பிரதமர் எர்டோவான் குடும்பத்தோடு சோமாலியாவின் தலைநகர் மொகடிஷுவில் போய் இறங்கினார். பல நாடுகள் பக்கத்து நாடான கென்யாவின் நைரோபியில் இருந்தபடியே சோமாலியாவைக் கவனித்துக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த மார்ச்சில் துருக்கி விமானங்களும் வரத் தொடங்கின. நேரில் வந்து நின்றவர்களை மக்கள் மறப்பார்களா? அப்புறம் 2017இல் அதே நகரில் துருக்கி ராணுவப் பயிற்சித் தளம் திறந்தது. அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கடைசியில் விமான சேவைக்கு அடுத்த வரியிலேயே எழுதினேன். இரண்டையும் பிரித்து வைத்தால் படிப்பவரை ஏமாற்றுவதாகிவிடும்.

அட்டவணையில் 'கேட்டது யார்' என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன். பாதிக்கு மேல் நிரப்ப முடியவில்லை. காலியாகவே விட்டுக் கொடுத்தேன்.